டேட்டாபேஸுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா? 63 பைட் கணக்கும் டெல்லி அட்டவணையும்

டேட்டாபேஸுக்குத் தமிழில் பெயர் வைக்க முடியுமா? தாராளமாக முடியும். போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் இரண்டுமே ஏற்கும். சிக்கல் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

போஸ்ட்கிரஸில் ஒரு பெயருக்கு அதிகபட்சம் 63 பைட். எழுத்து இல்லை, பைட். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும், தமிழுக்கு 3. அதிலும் 'டி' நம் கண்ணுக்கு ஒரே எழுத்து. கணினிக்கு 'ட' தனி, அதன் கொக்கி தனி. ஆக 6 பைட். 'வாடிக்கையாளர்_விவரங்கள்' என்று பெயர் வைத்துப் பாருங்கள், 67 பைட் ஆகிவிடும். எரர் வராது. ஒரு நோட்டீஸ் மட்டும் காட்டிவிட்டு, 'வாடிக்கையாளர்_விவரங்க' என்று வெட்டிவிடும். ஸ்கிரிப்ட் தானாக ஓடும்போது அந்த நோட்டீஸை யார் பார்க்கப் போறாங்க?

மைஎஸ்கியூஎல் 64 கேரக்டர் வரை விடும். ஆனால் டிஸ்கில் இருக்கும் ஃபோல்டருக்கு ஒவ்வொரு குறியையும் @ போட்டு ஒரு எண்ணாக மாற்றிவிடும். பேக்கப்பில் 'கடை' என்று தேடினால் கிடைக்காது.

எழுத்தும் குறியும் ஏன் தனித்தனி? டெல்லியில் தலைமையகம் உள்ள இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-ல் 'இஸ்கி' என்ற தரத்தை (ஐஎஸ் 13194) வெளியிட்டது. தேவநாகரி முதல் தமிழ் வரை எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை. அதன் 1988 வடிவத்தைத்தான் யூனிகோடு அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இந்திக்கு க, ங இரண்டுக்கும் நடுவே இன்னும் மூன்று எழுத்துகள் உண்டு. நமக்கு இல்லாததால், யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் அந்த மூன்று இடங்களும் இன்றும் காலி. ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்-16 முறையைத் தமிழக அரசு 2010-ல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றது. டேட்டாபேஸ்களுக்கு அது தெரியாது என்பதுதான் நிலைமை.

நீளத்தைவிட ஆபத்தானது 'கொ'. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பு தனி, கால் தனியாகவும் சேமிக்கலாம். முதலாவது 6 பைட், அடுத்தது 9. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. போஸ்ட்கிரஸில் 'கொள்முதல்' என்று இரண்டு டேட்டாபேஸ் அருகருகே இருக்க முடியும்! ஒன்றை உருவாக்கி, இன்னொரு வடிவத்தில் டைப் செய்தால் 'அப்படி ஒரு டேட்டாபேஸே இல்லை' என்று பதில் வரும்.

அதனால் டேட்டாபேஸ் பெயரை ஆங்கில எழுத்திலேயே வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் உள்ளே, தரவில் இருக்கட்டும். அங்கேயும் இதே 'கொ' காத்திருக்கும். 'கொடி' என்று பெயருள்ள வாடிக்கையாளரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். சேமிக்கும் முன்பே என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். தேடும் சொல்லையும் அதே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். போஸ்ட்கிரஸ் 13 முதல் இதற்கு 'நார்மலைஸ்' என்ற ஃபங்ஷன் உள்ளேயே இருக்கு.