மக்கள்தொகை – நுகர்வு விவாதம்

மக்கள்தொகை – நுகர்வு விவாதம் என்பது, உலகச் சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்கு முதற்காரணம் ஏழை நாடுகளின் மக்கள் பெருக்கமா, மேலை நாடுகளின் மிகை நுகர்வா என்பது பற்றிய கருத்துப் போராகும். இதன் வேர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இருக்கிறது. சுற்றுச்சூழல் சார்ந்த இன்றைய வடிவத்தை இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெற்றது.

தோற்றம்

ஆங்கிலேயப் பாதிரியாரான தாமஸ் ராபர்ட் மால்தஸ் 1798இல் மக்கள்தொகை பற்றிய தம் கட்டுரையை நூலாக வெளியிட்டார். முதற்பதிப்பில் ஆசிரியர் பெயர் இல்லை. உணவு உற்பத்தி 1, 2, 3, 4 எனக் கூட்டுத்தொடராக வளரும்போது மக்கள்தொகை 1, 2, 4, 8 எனப் பெருக்குத்தொடராக வளரும் என்பது அவர் வாதம். இந்த இடைவெளியைப் பஞ்சமும் நோயும் போரும் சரிக்கட்டும் என்றார். 1803இல் விரிவாக்கிய இரண்டாம் பதிப்பில், காலந்தாழ்த்தி மணம் புரியும் தன்னடக்கத்தையும் மக்கள் பெருக்கத்துக்கு ஒரு தடையாகச் சேர்த்தார். ஏழைகளுக்கு அரசு தரும் உதவி அவர்களைப் பெருகச் செய்யும் என்று இங்கிலாந்தின் ஏழையர் சட்டத்தை எதிர்த்தார்.

1805 முதல் 1834இல் இறக்கும்வரை, கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவலர்களைப் பயிற்றுவிக்க நடத்திய கல்லூரியில் மால்தஸ் பேராசிரியராக இருந்தார். ஹெய்லிபரியில் நடந்த இக்கல்லூரியில் படித்துவிட்டு இந்தியாவை ஆள வந்த இளைஞர்கள் பலர் பொருளியலை அவரிடமே கற்றனர். 

எல்லாக் காலத்துக்கும் பொதுவான மக்கள்தொகை விதி என ஒன்றில்லை, அது உற்பத்தி முறையைப் பொறுத்து மாறும் என்று கார்ல் மார்க்ஸ் மறுத்தார். டென்மார்க் நாட்டுப் பொருளியலாளர் எஸ்தர் போசெரப், மக்கள் நெருக்கமே வேளாண்மையில் புதிய முறைகளைத் தூண்டுகிறது என்று 1965இல் காட்டினார்.

தாது வருடப் பஞ்சம்

மால்தஸ் கொள்கையின் விளைவைத் தென்னிந்தியா நேரில் கண்டது. 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தில் 50 லட்சத்துக்கு மேற்பட்டோர் மடிந்தனர். அக்காலத்திலும் இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. இந்திய மக்கள்தொகை உணவு விளைச்சலை விட விரைவாகப் பெருகும் இயல்புடையது என்று வைஸ்ராய் லிட்டன் 1877இல் விளக்கம் தந்தார். சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணப் பணியில் உழைத்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். அந்த அளவு உயிரைக் காக்காது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். 19ஆம் நூற்றாண்டு இந்தியப் பஞ்சக் கொள்கையில் மால்தஸ் கருத்துக்கு இருந்த இடத்தைப் பொருளியல் வரலாற்றாசிரியர் எஸ். அம்பிராஜன் 1976இல் ஆராய்ந்து எழுதினார்.

சுற்றுச்சூழல் வாதமாக மாறியது

1948இல் வெளியான வில்லியம் வோக்ட், ஃபேர்ஃபீல்டு ஆஸ்பார்ன் ஆகியோரின் நூல்கள் மண்ணரிப்பையும் காடழிவையும் மக்கள் பெருக்கத்தோடு இணைத்தன. 1968இல் அமெரிக்க உயிரியலாளர் பால் எர்லிக் ‘மக்கள்தொகை வெடிகுண்டு’ நூலை வெளியிட்டார். டெல்லித் தெருவின் கூட்டத்தைக் கண்டு தாம் அடைந்த கலக்கத்தோடு அதைத் தொடங்கிய அவர், 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் இறப்பர் என்று கணித்தார். பசுமைப் புரட்சியின் விளைச்சல் அக்கணிப்பைப் பொய்யாக்கியது. அதே ஆண்டில் காரெட் ஹார்டின், பொதுவளங்களின் அழிவை மக்கள் பெருக்கத்தோடு இணைத்துக் கட்டுரை எழுதினார். 1974இல் செல்வ நாடுகளை உயிர்காப்புப் படகுகளாக உருவகித்து, ஏழைகளை அவற்றில் ஏற்றலாகாது என்று வாதிட்டார்.

நிலைப்பாடுகளின் வகைகள்

இவ்விவாதத்தில் நான்கு நிலைப்பாடுகளைப் பிரித்தறியலாம்.

முதலாவது, எர்லிக்கும் ஹார்டினும் முன்வைத்த புதுமால்தசியம். இரண்டாவது, உயிரியலாளர் பாரி காமனரின் தொழில்நுட்ப வாதம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் மாசு மக்கள்தொகையை விடப் பல மடங்கு வேகமாகக் கூடியது என்றும், செயற்கை இழை, பூச்சிக்கொல்லி, சலவைத்தூள் போன்ற புதிய உற்பத்தியே அதற்குக் காரணம் என்றும் அவர் 1971இல் நிறுவினார். எர்லிக்குக்கும் காமனருக்கும் இடையிலான சச்சரவிலிருந்துதான் ‘தாக்கம் = மக்கள்தொகை × செல்வ வளம் × தொழில்நுட்பம்’ என்ற வாய்பாடு பிறந்தது. மூன்றாவது, மனித அறிவு எந்தத் தட்டுப்பாட்டையும் வெல்லும் என்ற பொருளியலாளர் ஜூலியன் சைமனின் நிலை. ஐந்து உலோகங்களின் விலை ஏறுமா இறங்குமா என்பது குறித்து 1980இல் எர்லிக்கோடு பந்தயம் கட்டிய சைமன் 1990இல் வென்றார். நான்காவது, நுகர்வையும் நீதியையும் முன்வைக்கும் நிலை. சான்றுகளோடு பெரிதும் பொருந்துவது இதுவே.

இந்தியச் சிந்தனை

இங்கிலாந்தைப் போல இந்தியாவும் தொழில்மயமானால் உலகம் வெறுமையாகிவிடும் என்று காந்தி 1928இலேயே எச்சரித்தார். தஞ்சாவூரில் பிறந்து, பிற்காலத்தில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் வாழ்ந்த ஜே.சி. குமரப்பா, இயற்கை புதுப்பிக்கும் அளவுக்குள் நடக்கும் வாழ்வே நிலைக்கும் என்று ‘நிலைத்த பொருளாதாரம்’ பற்றி 1940களில் நூல் எழுதினார். நாட்டின் வறுமையைக் காட்டிப் பிறர் கருத்தடையை ஆதரித்த காலத்தில், பெண்ணின் விடுதலைக்கே அது வேண்டும் என்றார் பெரியார்.

1972இல் ஸ்டாக்ஹோம் சுற்றுச்சூழல் மாநாட்டில் பேசிய இந்திரா காந்தி வறுமையையும் சுற்றுச்சூழலையும் பிரித்துப் பார்க்கக் கூடாது என்றார். 1974 புகாரெஸ்ட் மக்கள்தொகை மாநாட்டில் இந்தியப் பிரதிநிதி கரண் சிங், வளர்ச்சியே சிறந்த கருத்தடை என்ற கருத்தை முன்வைத்தார். ஆயினும் நெருக்கடி நிலையின்போது, 1976–77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் செய்யப்பட்டன. வற்புறுத்தலுக்கு ஆளானோரில் பெரும்பாலோர் ஏழைகள். பெண்களின் கல்வி, உடல்நலம், உரிமை ஆகியவற்றை மக்கள்தொகைக் கொள்கையின் மையமாக உலக நாடுகள் ஏற்றது 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டில்தான்.

1991இல் டெல்லி அறிவியல் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், நெல்வயல் மீத்தேனையும் அமெரிக்கக் கார்களின் புகையையும் ஒரே தட்டில் வைக்கும் கணக்கை மறுத்தனர். உயிர்வாழ்வதற்கான உமிழ்வு வேறு, ஆடம்பர உமிழ்வு வேறு என்று அவர்கள் வகுத்த பிரிவு காலநிலைப் பேச்சுகளில் நிலைத்தது. வளர்ந்த நாடுகளுக்குக் கூடுதல் கடமை உண்டு என்ற நெறி 1992 ரியோ மாநாட்டுக் காலநிலை உடன்படிக்கையில் இடம்பெற்றது.

அளவீடுகள்

தொழிற்புரட்சி முதல் வெளியான புதைபடிவ எரிபொருள் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால்பங்கு அமெரிக்காவுடையது. இன்று அமெரிக்கர் ஒருவரின் ஆண்டு உமிழ்வு சுமார் 14 டன். இந்தியர் ஒருவருடையது சுமார் 2 டன். ஆக்ஸ்ஃபாம் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1990 முதல் 2015 வரையிலான உமிழ்வில் 52 விழுக்காடு உலகின் செல்வம் மிகுந்த 10 விழுக்காட்டினருடையது. ஏழைப் பாதியினரின் பங்கு 7 விழுக்காடு.

இன்றைய நிலை

உலக மக்கள்தொகை 2022இல் 800 கோடியைத் தொட்டது. 1960களில் 2 விழுக்காட்டைத் தாண்டியிருந்த ஆண்டு வளர்ச்சி இப்போது 1 விழுக்காட்டுக்கும் கீழ். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மொத்தக் கருவள வீதம் (ஒரு பெண் பெறும் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை) இந்தியாவில் 2.0, தமிழ்நாட்டில் 1.8. பிறப்புகள் குறைந்துவரும் உலகில் உமிழ்வு இன்னும் குறையவில்லை. எனவே பொறுப்பின் பெரும்பங்கு மிகுதியாக நுகர்வோரையே சாரும்.