1632 நாவல் வரிசை

அமெரிக்க எழுத்தாளர் எரிக் ஃபிளின்ட் (1947–2022) தொடங்கிவைத்த மாற்று வரலாற்றுப் புனைவு வரிசை. முதல் நாவலான ‘1632’ 2000-ஆம் ஆண்டு பேன் பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. கதையின் அடிப்படை எளிது. 2000 ஏப்ரலில், மேற்கு வர்ஜீனியாவில் உள்ள கிராண்ட்வில் என்னும் சுரங்கத் தொழிலாளர் ஊர், ஏறத்தாழ ஆறு மைல் குறுக்களவுள்ள நிலத்தோடு பெயர்ந்து, 1631 மே மாதத்து ஜெர்மனியில், துரிஞ்சியா வட்டாரத்தில் போய் அமர்கிறது. அந்த இடத்திலிருந்த ஜெர்மானிய மண் அமெரிக்காவுக்குப் போய்விடுகிறது. வேற்றுலகக் கலைஞர்கள் கவனமில்லாமல் சிதறவிட்ட கழிவுத்துண்டு பூமியில் மோதியதே காரணம் என்று ஃபிளின்ட் முன்னுரைப் பகுதியிலேயே சொல்லி அந்தக் கேள்வியை முடித்துவிடுகிறார். அறிவியல் விளக்கம் தேடுகிறவர்களுக்கு இங்கே தீனி இல்லை. எப்படி வந்தார்கள் என்பதைவிட, வந்தபின் எப்படிப் பிழைத்தார்கள் என்பதே அவருக்கு முக்கியம்.

ஊர் போய் விழுந்த காலம் முப்பதாண்டுப் போரின் (1618–1648) நடுப்பகுதி. அதே மே மாதம் 20-ஆம் தேதி கத்தோலிக்கப் படை மாக்டபர்க் நகரைச் சூறையாடி எரித்தது. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். கூலிப்படைகள் கிராமம் கிராமமாகக் கொள்ளையடித்துத் தின்றுகொண்டிருந்த அந்த நிலத்தில், மின்சாரமும் லாரிகளும் வேட்டைத் துப்பாக்கிகளும் உயர்நிலைப் பள்ளி நூலகமும் உள்ள ஓர் ஊர் முளைக்கிறது.

முன்னோடிகள்

தற்கால மனிதன் பழங்காலத்தில் சிக்கிக்கொள்ளும் கதை புதிதல்ல. மார்க் ட்வைன் 1889-இலேயே ஒரு கனெக்டிகட்காரரை ஆர்தர் மன்னரின் அவைக்கு அனுப்பினார். எல். ஸ்பிரேக் டி கேம்ப் எழுதிய ‘லெஸ்ட் டார்க்னஸ் ஃபால்’ நாவலின் நாயகன் ஆறாம் நூற்றாண்டு ரோமில் பிராந்தி காய்ச்சிப் பிழைப்பைத் தொடங்கி, ஐரோப்பாவின் இருண்ட காலத்தையே தடுக்கப் பார்க்கிறான். இந்த நம்பிக்கைக்கு மறுப்பாக போல் ஆண்டர்சன் 1956-இல் ஒரு சிறுகதை எழுதினார். பழைய ஐஸ்லாந்தில் சிக்கும் அமெரிக்கப் படைவீரனுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தெரிந்ததைச் செய்துகாட்டக் கருவியில்லை, அங்குள்ள வழக்கமும் புரிவதில்லை. கடைசியில் செத்துப்போகிறான். என் கணிப்பில் இந்த வகையின் மிக நேர்மையான கதை அதுதான்.

ஆண்டர்சனின் அந்தத் தடையை ஃபிளின்ட் தாண்டிய வழி, ஒருவனுக்குப் பதில் ஊரையே அனுப்பியது. இதற்குச் சற்று முன் 1998-இல் எஸ். எம். ஸ்டர்லிங் நான்டக்கெட் தீவு முழுவதையும் கி.மு. 1250-க்குத் தள்ளியிருந்தார். ஆனால் ஃபிளின்ட் தேர்ந்தது அச்சகமும் வங்கியும் பல்கலைக்கழகமும் ஏற்கெனவே உள்ள ஐரோப்பாவை. வந்தவர்களிடம் கற்றுக்கொண்டு அவர்களையே முந்தக்கூடிய ஆட்கள் அங்கே நிறைய.

ஊரும் மனிதர்களும்

ஃபிளின்ட் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்து, பின்னர் நெடுங்காலம் ஆலைத் தொழிலாளியாகவும் இடதுசாரித் தொழிற்சங்கச் செயற்பாட்டாளராகவும் வாழ்ந்தவர். அதன் தடம் கதை முழுக்கத் தெரிகிறது. ஊருக்குத் தலைமையேற்கும் மைக் ஸ்டேர்ன்ஸ் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். அகதிகளை உள்ளே விடக்கூடாது என்று வாதிடும் ஜான் சிம்ப்சன் பெருநிறுவன அதிகாரி. அவருடைய மகனுக்கும் மைக்கின் தங்கைக்கும் நடந்த திருமண விருந்தின்போதுதான் ஊர் பெயர்கிறது. முதலில் வில்லன் போலத் தோன்றும் இந்தச் சம்பந்தி, பின்வரும் நூல்களில் கவசக் கப்பல்கள் கட்டும் கடற்படைத் தளபதியாக மதிப்புப் பெறுகிறார். கூலிப்படையிடம் சிக்கிச் சீரழிந்த கிரெட்சன் ரிக்டர் என்ற ஜெர்மானியப் பெண் புரட்சி இயக்கத் தலைவியாகிறாள். வரிசையிலேயே அழுத்தமான பாத்திரம் அவள்தான். மைக்கின் சொற்பொழிவுகள் சில இடங்களில் தொழிற்சங்க வாயிற்கூட்டத்தை நினைவூட்டும்.

கிராண்ட்வில்லுக்கு மாதிரி, மேற்கு வர்ஜீனியாவில் உண்மையாகவே உள்ள மேன்னிங்டன். மேன்னிங்டனில் இருக்கும் பொருளே கிராண்ட்வில்லிலும் இருக்கலாம் என்பது இந்த வரிசையில் எழுதும் எல்லா எழுத்தாளர்களுக்குமான பொது விதி. வேண்டிய இயந்திரத்தை வேண்டிய நேரத்தில் கற்பனையாக வரவழைக்க முடியாது. ஊராரின் உத்தியும் இதைச் சார்ந்ததே. கொண்டுவந்த இயந்திரங்கள் என்றோ ஒருநாள் தேய்ந்து நிற்கும், உதிரிப்பாகம் கிடைக்காது. அதற்குள் அவற்றைக் கொண்டே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தரத்து நீராவி எந்திரம், இருப்புப்பாதை, தந்தி ஆகியவற்றைச் செய்துகொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டிலிருந்து மெல்ல இறங்கி, தாங்களே தாங்கிக்கொள்ளக்கூடிய ஒரு படியில் நிற்பதுதான் திட்டம்.

நூலகம் என்னும் ஆயுதம்

துப்பாக்கியைவிட அதிகமாக வரலாற்றைப் புரட்டிப்போடுவது ஊரின் புத்தகங்கள். அவை கைமாறி அரண்மனைகளுக்குப் போகின்றன. மன்னர்கள் தங்கள் சாவைத் தாங்களே படிக்கிறார்கள். ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் 1632 நவம்பரில் லூட்சன் போர்க்களத்தில் மடிந்தார் என்பது மெய்யான வரலாறு. கதையில் அந்தப் போரே நடப்பதில்லை, அவர் பிழைத்திருந்து ஐரோப்பிய ஐக்கிய நாடுகளின் பேரரசராகிறார். புனித ரோமானியப் பேரரசரின் தளபதி வாலன்ஸ்டைன் 1634-இல் பேரரசர் தரப்பினராலேயே கொல்லப்பட்டவர். அதைப் படித்துவிட்டுக் கட்சி மாறி பொஹீமியாவின் அரசராகிவிடுகிறார். இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ், 1649-இல் தன் தலை போகப்போவதை அறிந்து, அதற்குக் காரணமாகப்போகிற, அப்போது யாரெனத் தெரியாத ஊர்ப்புற மனிதராக இருந்த கிராம்வெல்லை முன்கூட்டியே லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கிறார். பிரெஞ்சு முதலமைச்சர் ரிஷெலியுவோ வட அமெரிக்க ஆங்கிலக் குடியேற்றங்களைப் பிரான்சுக்காக வாங்கிவிடுகிறார். சார்லஸோடும் ரிஷெலியுவோடும் சேர்ந்து ஊருக்கு எதிராகக் கூட்டணி அமைப்பவர்களில் டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்டியனும் ஒருவர். 1620-இல் தரங்கம்பாடியில் டேனியர் கால்வைத்தது இவருடைய ஆட்சியில்தான்.

படித்த எதிர்காலம் படித்ததாலேயே நடக்காமல் போகிறது. ஆகவே புத்தகத்தின் பயன் ஓரிரு ஆண்டுகளில் தீர்ந்துவிடும், எல்லோரும் மறுபடி இருட்டில் துழாவ வேண்டும். வரிசையின் பிற்பகுதி விறுவிறுப்பாக இருக்கும் இடங்களெல்லாம் இந்த நிலையிலிருந்து பிறந்தவை.

வளர்ச்சி

தனி நாவலாக எழுதப்பட்டது, டேவிட் வெபருடன் சேர்ந்து எழுதிய ‘1633’ (2002) முதல் பலர் கூடி இழுக்கும் தேரானது. ‘1634: கலிலியோ விவகாரம்’ (2004) இத்தாலிக்குப் போகிறது. ‘1636: மிஷன் டு தி முகல்ஸ்’ (2017) ஒரு தூதுக்குழுவை ஷாஜகானின் இந்தியாவுக்கு அனுப்புகிறது. ரசிகர்கள் எழுதிய கதைகளுக்கும் தொழில்நுட்பக் கட்டுரைகளுக்குமென ‘கிராண்ட்வில் கெஜட்’ என்ற மின்னிதழ் 2003-இல் தோன்றியது. எஃகு உருக்குவது, மருந்து செய்வது முதலானவற்றை வாசகர்களே ஆராய்ந்து எழுதினார்கள். பின்னர் வந்த நாவல்கள் அதற்குக் கட்டுப்பட்டன. இத்தனை கைகள் பட்டதால் தரம் ஒரே சீராக இல்லை. நூலுக்கு நூல் நடை மாறுகிறது, பாத்திரங்கள் பெருகி வாசகர் தடுமாறுகிறார். அமெரிக்கச் சிற்றூரின் குடியாட்சி உணர்வு ஐரோப்பாவை இவ்வளவு சுலபமாகத் திருத்திவிடுமா என்ற ஐயமும் நியாயமானதே. ஃபிளின்ட் 2022 ஜூலையில் காலமானதும் கெஜட் தன் 102-ஆம் இதழோடு நின்றது. அதன் எழுத்தாளர்கள் 2023-இல் வேறொரு இதழைத் தொடங்கி, கிராண்ட்வில் கதைகளைத் தொடர்ந்து எழுதிவருகிறார்கள்.