குற்றாலமும் சிற்றாறும்: ஒரு மலையடிச் சிற்றூரின் நிலமும் வரலாறும்

திருநெல்வேலிச் சீமையில் ஊழியம் செய்தோருள் குற்றாலத்தைக் காணாதவர் அரியர். ஆயினும் அவ்வூரை நாம் அறிந்திருப்பது பெரும்பாலும் நீராடச் சென்றவர்களாகவே. இரண்டு நாள் தங்கி, அருவியில் நின்று, பழம் வாங்கித் திரும்புகிறவனுக்கு ஊர் தெரிவதில்லை; அருவி மட்டுமே தெரிகிறது. அருவியாக விழுகிற நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, அது போகும் வழியில் யார் யார் அதைக் கொண்டு வாழ்ந்தார்கள் என்று கேட்டால் வேறொரு வரலாறு புலப்படும். அவ்வரலாற்றையே இக்கட்டுரையில் சிறிது காண முற்படுகிறோம்.

தென்காசிக்கு மேற்கே மூன்று மைல் தொலைவில், திரிகூட மலையின் அடியில் அமைந்துள்ளது குற்றாலம். இன்று அது பேரூராட்சி. நிலையாக வாழும் மக்கள் சில ஆயிரவரே. கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 500 அடி உயரந்தான். அவ்வளவு தாழ்ந்த இடத்தில் மலைவாசத்தலத்திற்குரிய குளிர்ச்சி எவ்வாறு உண்டாயிற்று? விடை மலையில் இல்லை. மலையின் இடைவெளியில் உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவில் தாழ்ந்து ஒரு கணவாயாகத் திறக்கிறது. தென்மேற்குப் பருவக் காற்று அதன் வழியே நுழைந்து வருகிறது. திருநெல்வேலியின் சமவெளி மழை மறைவில் வெந்து கிடக்கும் ஆனி, ஆடி மாதங்களில், இச்சிறு பகுதியில் மட்டும் வெயிலும் தூறலும் மாறி மாறி விளையாடும். அத்தூறலைத்தான் மக்கள் சாரல் என்கிறார்கள். தென்காசிக் கோபுர வாயிலில் அம்மாதங்களில் நின்றவர்கள் அக்காற்றின் வலிமையை அறிவர்.

அந்தக் கோபுரத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். மதுரையை இழந்த பாண்டியர் தெற்கே ஒதுங்கியபின், பராக்கிரம பாண்டியன் 1446-இல் தென்காசியில் விசுவநாதர் கோயிலைத் தொடங்கினான். இக்கோயிலைப் பிற்காலத்தில் காப்பவர் எவராயினும் அவர் அடியை இப்போதே பணிகிறேன் என்னும் பொருள்பட அவன் கல்லில் எழுதி வைத்தான். அரசிழந்த மரபொன்றின் பணிவு அது. கோபுரம் பின்னர் பிளவுண்டு நெடுங்காலம் சிதைந்து நின்று, 1990-இல்தான் மீண்டும் எழுந்தது. குற்றாலநாதர் கோயில் இதனினும் மிகப் பழமையானது. சம்பந்தர் குற்றாலத்தையும் அங்குள்ள குறும்பலாவையும் தனித்தனியே பாடியுள்ளார். சோழர், பாண்டியர் கல்வெட்டுகளும், சித்திர சபையின் சுவரோவியங்களும் அங்கு உள்ளன.

நீரோடு செல்வோம். அருவியிலிருந்து இறங்கும் சிற்றாறு ஐந்தருவியாறு, அரிகர நதி, அனுமன் நதி, கருப்பா நதி முதலியவற்றைத் தன்னோடு சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியுடன் கலக்கிறது. வழிநெடுக அணைகளும் கால்களும் குளங்களும் உள்ளன. சாரற்பருவ நீரால் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவ மழையால் பிசானம். ஆகவே சுற்றுலாப் பயணி ‘சீசன்’ என்று சொல்லுகிற அதே மாதங்களைக் கீழேயுள்ள உழவன் கார் பருவம் என்கிறான். ஒரே நீருக்கு இரண்டு பெயர்கள்.

இவ்வாற்றின் இரு முனைகளிலும் இரண்டு நூல்கள் தோன்றியிருப்பது நம் கவனத்துக்குரியது. தலையில் குற்றாலக் குறவஞ்சி. தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றியது. கடைமுனையில், மூன்று ஆறுகள் கூடுவதால் முக்கூடல் என வழங்கிய சீவலப்பேரியைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு. முன்னதில் மலைக்குறத்தி சிங்கி, தலைவி வசந்தவல்லிக்குக் குறி சொல்ல வருகிறாள். தன் மலையை அரசர் தம் நாட்டைக் கூறுவதுபோலப் பெருமிதத்தோடு கூறுகிறாள். பின்னதில் பண்ணையில் உழைக்கும் பள்ளனும் அவன் மனைவியர் இருவரும் தலைமை மாந்தர். நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை எல்லாம் அதில் நிரம்பிக் கிடக்கின்றன. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுமரத்தில் மாட்டித் தண்டிப்பதும் அதில் வருகிறது. நகைச்சுவைக்காக வைத்த காட்சி எனத் திறனாய்வாளர் கூறலாம். ஆனால் தொழுமரத்தைக் கற்பனை என்று எவரும் கூறவில்லை.

கவிராயருக்கு மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் நிலம் வழங்கினார். அது குறவஞ்சி மேடு எனப் பெயர் பெற்றது என்பர். குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. குறத்திக்கும் பள்ளனுக்கும் கிடைத்ததா என்னும் கேள்வியை இலக்கிய வரலாறு எழுப்புவதில்லை. திருச்சபை வரலாறு எழுப்பாமல் இருக்க இயலாது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த இரேனியுஸ் ஐயர், 1830-இல் தரும சங்கம் நிறுவியதும் இக்கேள்வியின் நெருக்கத்தினால்தான். பிறர் நிலத்தில் குடியிருந்தவன் கிறிஸ்தவனானால் குடிசையை இழக்க நேரும். ஆகையால் சபைக்கென நிலம் வாங்க வேண்டியிருந்தது. அடிமையுரிமையைச் சட்டம் ஏற்காது என்னும் நிலை 1843-இல்தான் வந்தது. சுரண்டை, நல்லூர் முதலிய இடங்களின் சபைகள் இத்தகைய சமவெளியில் வளர்ந்தவை.

மலையடியிலோ வரலாறு வேறு திசையில் சென்றது. 18-ஆம் நூற்றாண்டு முடிந்து 19-ஆம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில், கிழக்கிந்தியக் கும்பெனியார் குற்றாலத்தில் சாதிக்காய், கிராம்பு, இலவங்கப்பட்டைத் தோட்டங்களை அமைத்தனர். டச்சுக்காரர் கையிலிருந்த வாசனைப் பொருள் வாணிபத்தை இங்கேயே விளைவித்துப் பெறலாம் என்பது எண்ணம். கும்பெனி எதிர்பார்த்த பெருஞ்செல்வம் வரவில்லை. தோட்டங்கள் தனியார் கைக்கு மாறின. ஆனால் மரங்கள் நிலைத்தன. இன்று கடைத்தெருவில் நாம் வாங்கும் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் பின்னே அம்முயற்சி நிற்கிறது. 1830-களில் இராபர்ட் வைட் என்னும் மருத்துவர் இங்கே செடிகொடிகளைத் திரட்டினார். அவருடைய தாவர நூல்களுக்குப் படம் வரைந்த ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களின் பெயர்கள் அண்மைக் காலத்தில்தான் உரிய மதிப்பைப் பெற்றுள்ளன.

அக்காலத்தில் ஐரோப்பிய அதிகாரிகளும் மிஷனெரிமாரும் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே இளைப்பாறினர். 1845 முதல் மதுரை அமெரிக்க மிஷனெரிகள் கோடைக்கானலில் வீடு கட்டத் தொடங்கிய பின்னர், அந்த உயர்ந்த மலை குற்றாலத்தின் இடத்தைப் பெற்றது. இடையன்குடியில் அரை நூற்றாண்டு உழைத்த கால்டுவெல் அத்தியட்சர் 1891-இல் உயிர்நீத்ததும் கோடைக்கானலிலேதான். அவர்கள் இளைப்பாறியதை நாம் குறை கூறவில்லை. பலருடைய பிள்ளைகள் சமவெளியின் கல்லறைகளில் கிடக்கிறார்கள். ஆனால் ஓய்விடமாகப் பார்த்த கண் அவ்வூரைப் பணித்தளமாகப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எல்லையைப் பற்றியும் சில செய்திகள் உண்டு. குற்றாலம் ஆங்கிலேயர் ஆட்சியில் இருக்க, சில மைல் தொலைவிலுள்ள செங்கோட்டை திருவிதாங்கூருக்கு உட்பட்டிருந்தது. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் செங்கோட்டையில் அனைத்துச் சாதியினருக்கும் கோயில் திறந்தது. எல்லைக்கு இப்பால், சென்னை மாகாணத்தில் இதற்கென ஒரு சட்டம் வர 1939 ஆயிற்று. ஒரே காற்று வீசும் இரண்டு ஊர்களுக்கிடையே மூன்றாண்டு இடைவெளி! அதற்கு முன்பே, 1904-இல், கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து வந்த இருப்புப் பாதை செங்கோட்டையை அடைந்திருந்தது. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. 2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று.

அண்மைக் காலத்துக் குற்றாலத்தைப் பலர் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் வாழ்ந்த ஊராக நினைக்கின்றனர். அவர் 1954-இல் அங்கேயே மறைந்தார். 1964-இல் தோன்றிய பராசக்தி மகளிர் கல்லூரி சுற்றுப்புறக் கிராமப் பெண்களுக்குப் படிப்பைத் தந்தது. வரலாறு எழுதுவோர் இதனை ஒரு வரியில் கடந்துவிடுவது தவறு. மற்றொரு பக்கம், நெருக்கடி வளர்ந்துள்ளது. அருவியில் எண்ணெயும் சோப்பும் ஷாம்பும் கலப்பதைத் தடுக்க நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. இயற்கை ஓடைகளைத் திருப்பித் தனியார் விடுதிகளில் செயற்கை அருவிகள் அமைக்கப்படுவது பற்றிய வழக்கு 2022-இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2024 மே மாதத்தில் பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு சென்றது.

வழக்கில் பேசப்பட்டவை விடுதியும் அருவியும். அவ்வோடை நீர் திரும்பினால் முதலில் குறைவது எவருடைய பங்கு என்பதைச் சிற்றாற்றின் கடைமடைக் குளத்தில் கார் நடவுக்குக் காத்திருப்பவர் அறிவார். நம் குருமாரில் பலருடைய சேகரங்கள் அக்குளங்களின் கரையில்தான் உள்ளன.