மூளைக்கட்டித் தடங்காட்டிகளும் அரை ஆயுளும்: ஒரு வரலாற்று ஒப்பீடு

மூளைக்கட்டிகளைக் காட்டும் கதிரியக்கத் தடங்காட்டிகளை ஒப்பிடுவோர், எது கட்டியைத் தெளிவாகக் காட்டுகிறது என்பதையே முதலில் நோக்குவர். எது மருத்துவமனை வரை வந்து சேர்கிறது என்பதும் அதற்கு இணையான கேள்வி என்பதை இந்திய வரலாறு உணர்த்துகிறது.

1948இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் மூர், அயோடின்-131 ஏற்றிய சாயப்பொருளைச் செலுத்தி, மண்டையோட்டுக்கு வெளியிலிருந்தே கட்டியின் இடத்தைத் தேடினார். அயோடினின் அரை ஆயுள் 8 நாள். ஆகவே தொலைவு தடையன்று. நோயாளி ஏற்கும் கதிர்வீச்சே தடை. 1964இல் சிகாகோவின் பால் ஹார்ப்பர் குழுவினர் டெக்னீசியம்-99எம் கொண்டு மூளைக்கட்டிகளைப் படமெடுத்தனர். அதன் அரை ஆயுள் 6 மணி மட்டுமே. ஆயினும் அதன் தாய்த்தனிமமான மாலிப்டினம்-99 ஏறத்தாழ 66 மணி அரை ஆயுள் கொண்டது, நெடும்பயணத்தைத் தாங்கும். மருத்துவமனையிலேயே நாள்தோறும் அதிலிருந்து டெக்னீசியத்தைப் பிரித்தெடுக்கலாம். இக்கலனை ஆய்வகத்தார் 'பசு' என்றழைப்பது பொருத்தமே.

இந்தியாவில் 1956இல் அப்சராவும் 1960இல் சைரஸும் இயங்கத் தொடங்கின. 1963இல் மும்பையில் கதிர்வீச்சு மருத்துவ மையம் தோன்றியது. டிராம்பேயிலிருந்து சென்ற மாலிப்டினத்தைக் கரைப்பான் முறையில் பிரித்தெடுத்தே பல மருத்துவமனைகள் பணியாற்றின.

பாசிட்ரான் படமெடுப்பின் கதை வேறு. 1982இல் அமெரிக்காவில் டி கீரோ குழுவினர் ஃபுளோரின்-18 ஏற்றிய குளுக்கோஸைக் கொண்டு கிளையோமாவின் வீரியத்தை அளந்தனர். ஆனால் இயல்பான மூளையும் குளுக்கோஸை மிகுதியாக உண்பதால் கட்டி அவ்வொளியில் மறைந்துவிடக்கூடும். கார்பன்-11 மெத்தியோனின் இக்குறையைப் பெரிதும் நீக்கிற்று. அதன் அரை ஆயுளோ 20 நிமிடம்.

கோவில்பட்டிக் கரிசல் வட்டாரத்துக் குளத்தூரிலிருந்து மதுரை 100 கி.மீ.க்கு மேல். அத்தொலைவைக் கடக்க இரண்டு மணி நேரம் எனக் கொண்டால், கார்பனில் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கே எஞ்சும். 110 நிமிட அரை ஆயுளுடைய ஃபுளோரினில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எஞ்சும். சைக்ளோட்ரான் உள்ள இடத்துக்கு நோயாளியே சென்றாக வேண்டும் என்பதன் பொருள் இதுவே. இந்தியாவின் முதல் மருத்துவச் சைக்ளோட்ரான் 2002இல்தான் மும்பையில் வந்தது.

எனவே டெக்னீசியம் ஏற்றிய குளுக்கோஹெப்டோனேட்டைப் பழைய, மலிவான பொருள் என்று ஒதுக்குவது முறையன்று. கதிர்ச் சிகிச்சைக்குப் பின் எம்ஆர்ஐயில் தெரியும் புள்ளி மீண்டெழுந்த கட்டியா, கதிர்வீச்சால் இறந்த திசுவா என்பதைப் பொறுத்தே மறு அறுவை முடிவாகிறது. 2010களின் தொடக்கத்தில் தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், கட்டியல்லாததைக் கட்டியல்ல எனக் கூறுவதில் இத்தடங்காட்டி எம்ஆர்ஐயை விஞ்சியது. எனினும் குருதி-மூளைத் தடுப்பு சிதைந்த இடத்தில்தான் இது பெரிதும் சேரும். தடுப்பு சிதையாத, வீரியம் குறைந்த கட்டிகளை இது தவறவிடலாம். அங்கு அமினோ அமிலத் தடங்காட்டிகளே மேல். அவற்றுள் 1999இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அறிமுகப்படுத்திய ஃபுளோரோஎத்தில்டைரோசின் ஃபுளோரின்-18 ஏற்றது; ஆகவே சாலைவழிப் பயணத்தையும் ஓரளவு தாங்கக்கூடியது.