நுண்ணுயிர் இனங்காணும் இணையத் தரவுத்தளங்கள்

நோயாளியின் இரத்தத்திலிருந்தோ தண்டுவட நீரிலிருந்தோ வளர்த்தெடுத்த பின்னும் வழக்கமான சோதனைகளுக்குப் பிடிபடாத பாக்டீரியா, பூஞ்சை ஆகியவற்றின் பெயரறிய ஆய்வகங்கள் நாடும் தரவுத்தளங்கள். சோதனை முடிவுகளையோ மரபணு வரிசையையோ உள்ளிட்டால், சேமிப்பிலுள்ள இனங்களோடு ஒப்பிட்டு நெருங்கியவற்றைக் காட்டும்.

இவற்றுக்கு முன் அச்சு நூல்களே துணை. பெர்கியின் பாக்டீரியக் கையேடு 1923இல் முதன்முதலாக வெளிவந்தது.

அரிய இனங்களைப் பொறுத்தவரை, தரவுத்தளங்களின் வேர் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் (சி.டி.சி.) ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கு பணியாற்றியவர் எலிசபெத் கிங் (1912–1966). மற்ற ஆய்வகங்கள் பெயரிட முடியாமல் அனுப்பிய பாக்டீரியாக்கள் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன. எந்தச் சர்க்கரையைப் புளிக்கச் செய்கிறது, எந்த ஊடகத்தில் வளர மறுக்கிறது, என்ன நிறமி தருகிறது என ஒவ்வொன்றையும் சோதித்து, ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்தார். போதிய சான்று கிடைக்கும்வரை இலத்தீன் பெயர் சூட்டாமல், ‘எம்-1’ என்பது போன்ற குறியீடுகளோடு காத்திருந்தார். இந்தப் பொறுமை அவர் பணியின் தனிச்சிறப்பு. பச்சிளங்குழந்தைகளின் மூளையுறை அழற்சிக்குக் காரணமான ஒரு பாக்டீரியாவை 1959இல் விவரித்தார். 1964இல் அவர் தொகுத்த, வழக்கத்துக்கு மாறான கிராம்-எதிர் பாக்டீரியாக்களுக்கான கையேட்டை அவர் மறைவுக்குப் பின் உடன்பணியாளர்கள் திருத்தி விரிவாக்கினர். எம்-1 குழு பின்னாளில் கிங்கெல்லா என்ற பேரினத்தில் இடம்பெற்றது. 1959இல் விவரித்த பாக்டீரியா 2005இல் எலிசபெத்கிங்கியா மெனிங்கோசெப்டிகா ஆனது. இரு பேரினப் பெயர்களும் அவரைக் குறிப்பவை.

1970 வாக்கில் பிரான்சில் உருவான ஏ.பி.ஐ. பட்டைகள் இருபது சிறு குழிகளின் நிறமாற்றத்தை எண்ணாக்கின. மும்மூன்று சோதனைகளுக்கு 1, 2, 4 என மதிப்பளித்துக் கூட்டினால் ஏழு இலக்கக் குறியெண் கிடைக்கும். அதைக் குறியெண் நூலில் தேட வேண்டியிருந்தது. நூல் பின்னர் இணையத்துக்கு மாறியது.

1977இல் கார்ல் வோஸ், ஜார்ஜ் ஃபாக்ஸ் ஆகியோரின் ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஒப்பீடு வேறொரு வழியைத் திறந்தது. ஜென்பேங்க் என்ற மரபணு வரிசைச் சேமிப்பும், அதில் தேட 1990இல் வந்த பிளாஸ்ட் நிரலும் வரிசை ஒப்பீட்டை எல்லார்க்கும் எளிதாக்கின. ஆனால் ஜென்பேங்க்கில் அனுப்புபவர் தரும் பெயரே பெரும்பாலும் நிலைத்துவிடுகிறது. பொதுத் தரவுத்தளங்களில் உள்ள பூஞ்சை வரிசைகளில் ஏறத்தாழ 20 சதவீதம் தவறான சிற்றினப் பெயர் கொண்டவையாக இருக்கலாம் என்று 2006இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இக்குறையைத் தவிர்க்க, வகைமாதிரிகளை (சிற்றினப் பெயருக்கு அடையாளமாக வைக்கப்பட்ட வளர்ப்புகளை) அடிப்படையாகக் கொண்டு கொரியாவில் ஈஸிடாக்ஸான் (2007) உருவாக்கப்பட்டது. பூஞ்சைகளுக்கு யுனைட், ஐஷாம் தளங்கள் உள்ளன.

இரு பாக்டீரியாக்களை ஒரே சிற்றினமாகக் கொள்ள எவ்வளவு வரிசை ஒற்றுமை வேண்டும் என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 97 சதவீதம் என்ற பழைய வரம்பைப் பின்னர் சிலர் 98.7 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினர். எந்த வரம்பும் எல்லாப் பேரினங்களுக்கும் பொருந்தாது என்போரும் உண்டு.

சி.டி.சி.யின் மைக்ரோப்நெட் தளம் உயிர்வேதிச் சோதனை, மரபணு வரிசை, மால்டி-டாஃப் கருவி தரும் புரத நிறமாலை ஆகிய மூன்றையும் இணைக்கிறது. கட்டணமில்லை, பதிவு வேண்டும்.

இத்தகைய தளங்களின் தேவைக்குக் கேண்டிடா ஆரிஸ் பூஞ்சை நல்ல சான்று. 2009இல் ஜப்பானிய மூதாட்டி ஒருவரின் காதிலிருந்து பிரித்து விவரிக்கப்பட்ட இது, டெல்லி மருத்துவமனைகளில் 12 நோயாளிகளிடம் காணப்பட்டதாக 2013இல் அறிவிக்கப்பட்டது. தானியங்கிக் கருவி அதைக் கேண்டிடா ஹீமுலோனி என்றே காட்டியது. மரபணு வரிசையே உண்மைப் பெயரைச் சொன்னது. 2015–16இல் விஸ்கான்சினில் 60க்கும் மேற்பட்டோரைத் தாக்கிய எலிசபெத்கிங்கியா அனோஃபெலிஸும், வணிகக் கருவிகளின் பட்டியலில் இல்லாததால் மெனிங்கோசெப்டிகா என்று பிழையாக அறியப்பட்ட இனம். அந்த மெனிங்கோசெப்டிகாவின் வகைமாதிரியாக இன்றும் ஒப்பிடப்படுவது கிங் விவரித்த தொகுப்பைச் சேர்ந்த, ஏ.டி.சி.சி. 13253 என்ற எண்ணுள்ள வளர்ப்பு.