ஹாலே நகரின் மாணவர் பந்தி

தரங்கம்பாடி அருட்பணியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1706 ஜூலை 9ஆம் நாள் கரைக்கு வந்த கப்பலிலிருந்தே தொடங்குவர். அக்கப்பலில் வந்த இருவருள் ஒருவரான சீகன்பால்கு, உடல்நலக் குறைவினால் பல்கலைக்கழகப் படிப்பை நடுவே விட்டுச் சென்றவர் என்னும் செய்தி ஓரிரு வரிகளில் கடந்துவிடுகிறது. அவ்வரிகளில் சற்றே நின்று, அவர் பயின்ற ஹாலே நகரம் ஏழை மாணவரையும் நோயுற்ற மாணவரையும் எவ்வாறு நடத்தியது என்று ஆராய விரும்புகிறோம்.

ஏழை மாணவனுக்கு உணவளிப்பது ஹாலே கண்டுபிடித்த வழக்கமன்று. பள்ளிச் சிறுவனாயிருந்த லூத்தர், ஐசனாக் நகரில் வீடுவீடாகப் பாடி அப்பம் பெற்றதை நம் வாசகர் அறிவர். சீர்திருத்தத்தை ஏற்ற வுர்ட்டம்பெர்க் கோமகன், இறையியல் மாணவர்க்கென டூபிங்கனில் 1536இல் ஓர் உறைவிடத்தை நிறுவினார். ஆனால் ஒன்று தெருவின் பிச்சை, மற்றொன்று ஆளுவோரின் கொடை. ஹாலேயில் நிகழ்ந்ததோ வேறு.

ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே ஹாலே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அருகிலுள்ள கிளவுக்கா என்னும் வறிய ஊரின் போதகரும் அவரே. 1695இல் தம் இல்லத்தில் அவர் வைத்திருந்த தருமப் பெட்டியில் ஒரு நாள் 4 தாலரும் 16 குரோசனும் விழுந்தன. அத்தொகையைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி தொடங்கத் துணிந்தார். புத்தகங்கள் வாங்கினார், கொடுத்த 27இல் 4 மட்டுமே திரும்பி வந்தன என்று அவரே எழுதி வைத்துள்ளார். (நம் ஞாயிறுபள்ளிகளை நடத்துவோர் இதைக் கேட்டு வியப்படையார்.) நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பிக்க ஒருவரை அமர்த்தினார், வாரத்துக்கு 6 குரோசன் கூலி. அவ்வாறு அமர்த்தப்பட்டவர் ஓர் ஏழைப் பல்கலைக்கழக மாணவர்! பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அந்நிறுவனங்களின் முதற் பயனாளிகளுள் அநாதைப் பிள்ளையோடு வறிய மாணவனும் நின்றான் என்பது கருதற்பாலது.

அதே ஆண்டில் ஒருவர் 500 தாலர் அனுப்பி, ஏழை மாணவரை மறவாதிருக்கும்படி கேட்டுக்கொண்டார். பிராங்கே முதலில் வாரந்தோறும் சில்லறைப் பணமாகப் பகிர்ந்தளித்தார். 1696இல் அதை மாற்றி 24 மாணவர்க்குப் பந்தி அமைத்தார். பணம் கையிலிருந்து நழுவும், உணவோ உடலில் சேரும் என்பது கண்ட அனுபவம் போலும். பந்தியில் அமர்ந்தோர் அதற்கு ஈடாகப் பள்ளிகளில் கற்பித்தனர். 1707இல் தேர்ந்தெடுத்த மாணவர்க்கென ஆசிரியப் பயிற்சிக் கழகம் ஒன்றும் எழுந்தது. 1727இல் பிராங்கே மறைந்தபோது, 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அப்பள்ளிகளில் பயின்றனர். பந்தியில் உண்ட மாணவர் தொகை 250ஐ எட்டியிருந்தது.

இவ்வேற்பாட்டின் சிறப்பை மறுப்பதற்கில்லை. உண்பவன் இரவலனாக நாணி நிற்கவில்லை. தன் உழைப்பினால் உண்டான். ஆனால் அச்சிறப்பிலேயே அதன் குறையும் அடங்கியிருந்ததாக நாம் எண்ணுகிறோம். உழைப்புக்கு ஈடாக உணவு என்னும் விதி, உழைக்கக்கூடிய உடலை முன்னதாகவே எதிர்பார்க்கிறது. வறுமை ஒன்றே இடையூறாக இருந்தவனுக்கு வழி திறந்தது. வறுமையோடு நோயும் கொண்டவனுக்கு அது எவ்வளவு தூரம் உதவியிருக்கும்? அநாதை இல்லத்துக்குத் தனி மருத்துவரும் மருந்துச் சாலையும் இருந்தன. ரிக்டர் என்னும் மருத்துவரின் மருந்துகள் பல நாடுகளில் விற்பனையாகி நிறுவனத்துக்குப் பெரும் வருவாய் ஈட்டின. மருந்து வேறு, படிப்பைத் தொடர அவகாசம் வேறு.

சீகன்பால்கு இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தவர். 1703இல் ஹாலேக்கு வந்தார். உடல் ஒத்துழைக்கவில்லை. பட்டம் பெறாமலே நகரை விட்டு நீங்கி, சிறிது காலம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வாழ்ந்தார். எனினும் ஹாலே ஆசிரியரோடு தொடர்பு அறவில்லை. டென்மார்க் மன்னரின் அருட்பணிக்கு ஆள் தேடியபோது, படிப்பை முடியாத அந்த இளைஞரை நினைவில் வைத்திருந்தவர் இருந்தனர். விதிகள் அளிக்காததை நட்பு அளித்தது எனலாம். அந்நட்பு வாய்க்காதோர் எத்தனை பேரோ! நோயுற்ற மாணவரை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பின்பு அவரைப்பற்றி ஒருவரும் வினவாதிருப்பதை நம் நாட்களிலும் கண்டிருக்கிறோம்.

தரங்கம்பாடியில் அவர் தொடங்கிய பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கல்வியோடு உணவும் உடையும் வழங்கப்பட்டன. ஹாலேயின் பந்தி அங்கே சோற்றுப் பந்தியாயிற்று. 1716இல் உள்நாட்டு ஊழியரைப் பயிற்றுவிக்க ஒரு பயிற்சிப்பள்ளியும் தொடங்கினார். 1719 பிப்ரவரி 23இல், 36 வயதில், நோயினாலேயே மரித்தார்.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களையும், சேர்க்கை வயதில் ஐந்தாண்டுத் தளர்வையும் அளிக்கிறது. அவ்விதி அரசு நிறுவனங்களையும் அரசின் உதவி பெறுபவற்றையுமே குறிக்கிறது. அவ்வுதவி பெறாத இறையியல் கல்லூரி ஒன்றில், காசநோயினாலோ மனநோயினாலோ ஓராண்டை இழந்த மாணவர் மீண்டும் வந்து படிப்பைத் தொடரலாமா என்பதை அக்கல்லூரியின் ஆட்சிக்குழுவே முடிவு செய்கிறது. அக்குழுக்களில் அமர்ந்திருப்போருள் இவ்விதழின் வாசகர் பலர் உள்ளனர்.