சித்தி லெவ்வை முதல் கட்டார் விசா வரை

2018 இல் எமது பாடசாலையில் சாதாரண தரம் சித்தியடைந்த மாணவன் ஒருவன் உயர்தர வகுப்புக்கு வரவில்லை. வீடு தேடிப் போனேன். "ஏ.எல். படிச்சு என்ன சேர் கிடைக்கப் போகுது? மச்சான் கட்டாருக்கு விசா அனுப்புறாராம்" என்றான். அவனது உம்மா தேநீரை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். எனக்கும் உடனே பதில் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி பழையது.

பிரித்தானியர் காலத்தில் எம்மவரின் பிரதான தொழில் வியாபாரம். கடைக்குக் கொஞ்சம் கணக்கு, ஆகிறத்துக்குக் குர்ஆன் ஓதல். ஆண்பிள்ளைக்கு அது போதும் என்றிருந்தார்கள். ஆங்கிலம் கற்பித்தவை பெரும்பாலும் மிஷனரிப் பாடசாலைகள். பிள்ளை மதம் மாறிவிடுவானோ என்ற அச்சம் பெற்றோருக்கு. அதை அறியாமை என்று தள்ளிவிட நான் தயாரில்லை. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆயினும் எழுதுவினைஞர், சட்டத்தரணி, வைத்தியர் என ஒரு புதிய வர்க்கம் உருவானபோது அதில் எம்மவர் மிகச் சிலரே இருந்தனர்.

இதனை முதலில் உரத்துச் சொன்னவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி அறிஞர் சித்தி லெவ்வை (1838–1898). 1882 இல் அவர் ஆரம்பித்த 'முஸ்லிம் நேசன்' பத்திரிகை இதற்காகவே ஓயாது வாதாடியது. 1884 இல் கொழும்பில் தொடங்கிய மத்ரஸா நீடிக்கவில்லை. அவர் சோர்ந்து போகவில்லை. வாப்பிச்சி மரைக்காரும், எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டிருந்த அறாபி பாஷாவும் துணைநிற்க, 1892 இல் மருதானையில் எழுந்த பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று.

ஏ.எம்.ஏ. அஸீஸ் 1935 இல் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த அவர், வயலும் வறுமையுமாய்க் கிடந்த கிராமங்களைக் கண்ணால் கண்டார். 1945 இல் அவரது முயற்சியால் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் தோன்றியது. இலவசக் கல்வி வந்ததும் அதே ஆண்டில்தான்.

அதன்பின் எமது ஊர்களில் படிப்புக்கு ஒரு விலை கிடைத்தது. தாய்மொழிக் கல்வி பரவப் பரவ ஆசிரியர்கள் தேவைப்பட்டனர். 1970 முதல் 1977 வரை பதியுத்தீன் மஹ்மூத் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் முஸ்லிம் ஆசிரியர் நியமனங்கள் பெருகின. ஓய்வூதியமுள்ள உத்தியோகம்; கலியாணச் சந்தையிலும் 'மாஸ்டர்' மாப்பிள்ளைக்குத் தனி மவுசு. நான் ஆசிரியர் கலாசாலை வாசலை மிதித்தபோது அந்த மவுசு பாதி கரைந்துவிட்டது!

கரைத்தது எண்ணெய். 1973 இல் எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் கட்டடங்கள் எழும்பின. 1977 இல் எமது நாடு திறந்த பொருளாதாரத்துக்கு மாறியது. பட்டதாரி ஆசிரியர் ஒருவரின் சம்பளத்தை விட அங்கே வாகனம் ஓட்டுபவர் அனுப்பும் பணம் அதிகமாயிற்று. பதினாறு வயதுப் பையனுக்கு இந்தக் கணக்கை யாரும் கற்பிக்கத் தேவையில்லை. இன்று எனது உயர்தரக் கலைப்பிரிவில் பெண்பிள்ளைகளே நிறைந்திருக்கிறார்கள். கண்டியில் பெண்பிள்ளைகளுக்கெனப் பாடசாலை தொடங்கிய சித்தி லெவ்வை இதைக் கண்டிருந்தால் பாதி மகிழ்ந்திருப்பார்.

அந்த மாணவனின் கணக்கைப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, படித்தவர்களும்தான் கடவுச்சீட்டு வரிசையில் நின்றார்கள். ஆனால் சவூதி அரேபியா 2011 இலேயே 'நிதாகத்' திட்டத்தின் மூலம் தன் நாட்டவருக்கு வேலைகளை ஒதுக்கத் தொடங்கிவிட்டது. கையில் தொழில் இல்லாமல் போகிறவனைத்தான் முதலில் திருப்பி அனுப்புகிறார்கள்.

அவனும் 2020 இல், கொரோனா காலத்தில், திரும்பி வந்தான். சில மாதம் முச்சக்கர வண்டி ஓட்டினான். ஒருநாள் மஃரிப் தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் என்னை மறித்தான்.

"சேர், வெல்டிங்குக்கு என்.வி.கியூ. சேட்டிபிக்கட் எடுக்க எங்க போகணும்?"

மறுநாள் காலை அவனது வண்டியிலேயே தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போனோம்.